வாய் திறக்காத நாள்

வியாழக்கிழமை எண்பது டிகிரி ஃபாரன்ஹீட் அடித்தது. மான்மவுத் ஜங்ஷனில் வீட்டுக்கு வீடு புல் வெட்டும் மெஷின் சத்தம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வடமேற்கே கருகருவென்று ஏறி வந்து, இடித்து, கொட்டி, கரண்டையும் பிடுங்கிக்கொண்டு போனது. சனி விடிந்தால் முப்பத்தெட்டு டிகிரி. மே மாதம் பன்னிரண்டாம் தேதி ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட், அதற்கு மேல் லைஃப் ஜாக்கெட் என்று மூட்டையாய்ப் படகுத்துறையில் நின்றாள் ஓவியா. வானத்தில் ஒரு பிசிறு மேகம் இல்லை. துலக்கிக் கவிழ்த்த எவர்சில்வர் குண்டா மாதிரி இருந்தது.

படகு வாடகைக்கு விடும் வால்ட் கிழவர் அவர்களைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். கோல்ட் ஃப்ரண்ட், அதாவது குளிர்க்காற்று அலை, கடந்த மறுநாள் இது, மஸ்கி மீன் எல்லாம் களைச்செடிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், தூண்டிலுக்குப் பின்னால் வரும், பார்க்கும், வாயைத் திறக்காது, வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்றார்.

"பாத்துட்டுப் போறதுன்னாலும் போவட்டும் அம்மிணி" என்றார் நஞ்சுண்டன், தமிழில், மகளிடம். "நாலு வருசமா நாமதான அதையப் பாக்கறதுக்கு வர்றோம். ஒரு நாளைக்கு அது நம்மளப் பாக்கட்டும்."

ஓவியா சிரிக்கவில்லை. அவள் ஜாக்கெட்டின் உள்பையில் மூன்று காகிதங்கள் மடித்து இருந்தன. மூச்சு விட்டால் நெஞ்சில் குத்தின.

ஸ்கூல் பஸ் விட்டு இறங்கியதும் தபால்பெட்டியைத் திறப்பது ஓவியாவின் வேலை. பதினெட்டு நாளைக்கு முன்னால் அந்தப் பெட்டியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கவர் வந்தது. கெமிஸ்ட்ரியில் டி கிரேடு. அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் கவரை மட்டும் உருவி ஒளித்திருந்தால் தப்பித்திருப்பாள். அந்த நேரம் பார்த்து அம்மா வசந்தாமணி வாசல் கதவைத் திறந்தாள். கை பதறி, மளிகைக்கடை விளம்பரத் தாளோடு கட்டாகக் கராஜில் அரிசி மூட்டைக்குப் பின்னால் செருகிவிட்டு, "இன்னைக்கு மெயில் ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

கையெழுத்துக்குக் கடைசி நாள் திங்கட்கிழமை. நேற்று கரண்ட் போன நேரத்தில் டார்ச்சை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்க் கட்டைப் பிரித்தாள். கோழிக்கால் விலைக்கும் தக்காளி விலைக்கும் நடுவில் மூன்று மெல்லிய கவர்கள். மூன்றும் ஐ.என்.எஸ்.ஸிலிருந்து, குடியேற்ற ஆபீசிலிருந்து. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, பதினாலு வயது தாண்டிவிட்டதால் அவளுக்கும் ஒன்று. கிரீன் கார்டுக்குக் கைரேகை எடுக்க நேரில் வரவும். மே 12, சனிக்கிழமை, பகல் ஒரு மணி. வராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும்.

மேலே கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது. அந்தக் கடைசி வரியை அவள் நாலு தடவை படித்தாள்.

உடனே சொல்லியிருக்கலாம். சமையலறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அப்பா தூண்டில் முள்ளையெல்லாம் அரம் வைத்துத் தீட்டிக்கொண்டு, வாய்க்குள்ளே ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தார். அவர் பாட்டு முனகி ரொம்ப நாளாகிவிட்டது. சரி, சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்வோம் என்று நினைத்தாள். சாப்பாட்டுக்கு அப்புறம், காலையில் சொல்வோம் என்று நினைத்தாள்.

நஞ்சுண்டன் திட்டுகிற ஆள் இல்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை. அவர் பேச்சை நிறுத்திக்கொள்வார். இந்த விண்ணப்பம் இரண்டாவது. முதலாவதில் வசந்தாமணி ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட மறந்து அது திரும்பி வந்தது; மறுபடி அனுப்புவதற்குள் அப்பா வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது. எல்லாம் ஆரம்பத்திலிருந்து. அன்று நின்ற பேச்சு முப்பத்தேழு நாள் நின்றது. வீட்டில் சோறு தின்னமாட்டார். வசந்தாமணி தட்டுப் போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அவளும் தின்னாமல் எடுத்து வைப்பாள். "பால் வாங்கியாரோணுமான்னு உங்கப்பாகிட்டக் கேளு" என்பாள், அப்பா அதே அறையில் நின்றுகொண்டிருக்கும்போதே. பதின்மூன்று வயது ஓவியா இரண்டு பேருக்கும் நடுவில் தந்திக்கம்பியாக நின்றாள். அதற்கப்புறம்தான் அவர் தாடி வளர்க்கத் தொடங்கினார். கார்டு வந்ததும் பழனியில் முடி இறக்குவதாக வேண்டுதல். தாடி இப்போது நெஞ்சைத் தொடுகிறது. விசாவின் ஆறு வருஷமும் வரும் அக்டோபரோடு சரி. இந்த முறையும் தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காலையில் காரில் இரண்டு மணி நேரம். இந்த எக்ஸிட் தாண்டினதும் சொல்லிவிடலாம், அடுத்த எக்ஸிட் தாண்டினதும் சொல்லிவிடலாம் என்று எக்ஸிட்டுகள்தான் தாண்டிப் போயின.

ஏரிக்குள் எலெக்ட்ரிக் மோட்டார் மட்டும்தான் ஓட்டலாம் என்பது சட்டம். பேட்டரியில் ஓடுவது, முனகும், அவ்வளவாக நகராது. காற்று முதுகில் தள்ளிக்கொண்டு போனதால் தென்கிழக்குக் கரை வரைக்கும் சுகமாகப் போய்ச் சேர்ந்தார்கள். தண்ணீருக்கடியில் களைச்செடி இப்போதுதான் முளை கட்டி, பாசிப்பச்சையில் திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

"பெரிய லூர் வேண்டா. குளுருக்கு அதுக்கும் பசி இருக்காது" என்று நஞ்சுண்டன் சின்னதாக, கறுப்பு மயிர் கட்டின ஒரு பொய்மீனை எடுத்தார். வயிற்றில் மூன்று முனை முள். தூண்டில் நரம்பின் முனையில் ஒரு முழம் இரும்புக் கம்பி, மஸ்கியின் பல் அறுக்காமலிருக்க. அவர் விரல்கள் விறைத்துப் போய்க் கம்பியின் கொக்கி மாட்டவில்லை. வாயில் வைத்து ஊதிக்கொண்டார். மறுபடி மாட்டினார். முள்முனை ஆள்காட்டி விரலுக்கு ஒரு நெல் தூரத்தில் ஆடியது.

"அப்பா, க்ளவ் போட்டுக்கங்க."

"க்ளவ் போட்டா நரம்பு பேசறது தெரியாது அம்மிணி."

பத்து விரல். இன்றைக்கு அந்த ஆபீசுக்கு வேண்டியது அந்தப் பத்து விரல்தான். ஓவியாவுக்கு ஏரி தெரியவில்லை, கரையில் துளிர்விட்ட மேப்பிள் தெரியவில்லை. அந்தப் பத்து விரலும், தன் மணிக்கட்டில் ஓடுகிற கடிகாரமும்தான் தெரிந்தன. எட்டு நாற்பது.

வீச்சு. மெல்லச் சுற்றி இழுப்பது. மறுபடி வீச்சு. மஸ்கிக்குப் பத்தாயிரம் வீச்சு வீச வேண்டும் என்று இங்கே ஒரு சொல் உண்டு. நஞ்சுண்டன் இதுவரை ஆறாயிரத்துச் சொச்சம் வீசியிருப்பார்.

"மெல்ல. மெல்ல. உங்கம்மா தோசக்கல்லுல எண்ண தடவறாளே, அந்த மாதிரி. படகுகிட்ட வந்தொடனே வெளிய தூக்கிராத. ராட் முனையத் தண்ணிக்குள்ள உட்டு எட்டுப் போடு. பின்னால வந்துட்டே இருக்கறது அந்த வளைவுலதான் ஏமாறும்."

"தெரியும்பா."

"ஊர்ல லைசென்ஸுக்கு எட்டுப் போட்டேன், ஆர்டிஓ ஆபீஸ்ல, காலு ஊணாம. மூணு தடவ ஃபெயிலு. இங்க மீனுக்கு எட்டுப் போட்டு நாலு வருசமா ஃபெயிலு." அவரே சிரித்துக்கொண்டார். "உங்கம்மா என்ன சொல்றா தெரியுமா? புடிச்சாத் திங்கோணுமாம். புடிச்சுக் கொஞ்சீட்டு உடறதுக்கு எதுக்கு நாலு மணிக்கு எந்திரிச்சு சோத்தக் கட்டறதுங்கறா."

"ப்ளையர் எங்கப்பா?" பெட்டிக்குள் தேடிக்கொண்டே கேட்டாள் ஓவியா. மஸ்கியின் வாயிலிருந்து முள் எடுக்க முழநீளத்துக்கு ஒரு குறடு இருந்தது. அது இல்லை.

"அதைய ஏங் கேக்கற. ராத்திரி கரண்டு இல்ல. கராஜுல தேடலாம்னா டார்ச்சைக் காணோம். அடுப்படில கைக்குக் கெடச்சத எடுத்துட்டு வந்துட்டேன்."

டவலுக்கு அடியில் இருந்தது அம்மாவின் இடுக்கி. சொந்த ஊர் கோபியிலிருந்து வரும்போது கொண்டுவந்தது, பால் குண்டா இறக்குவது, ஒரு சாண் நீளம்.

டார்ச் ஓவியாவின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"இன்னைக்கு அம்மா பால எதுல எறக்குவாங்க?"

"நைட்டித் துணில புடிச்சு எறக்குவா. எறக்கும்போது நம்மள நாலு வார்த்த வைவா. போச்சாது போ."

ஒன்பதே முக்காலுக்கு முதல் மீன் பின்னால் வந்தது. வெயில் இறங்கி நீர் அடிவரை தெளிவாய்த் தெரிந்தது. நஞ்சுண்டனின் பொய்மீனுக்கு ஒரு அடி பின்னால், அவசரமே இல்லாமல், பழுப்புப் பச்சையில் வரிவரியாக ஒரு நீளம். வாத்து மூக்கு மாதிரித் தட்டையான வாய். மூடின வாய்.

இப்போது சொல்லிவிடலாம் என்று ஓவியாவுக்குத் தோன்றியது. மீன் இருக்கும்போது அவர் கோபப்படமாட்டார். "அப்பா, ஐ நீட் டு டெல் யூ சம்திங்."

"ஷ்ஷ். பேசாத. பேசாத கண்ணு."

அவர் குனிந்து எட்டுப் போட்டார். மீனும் ஒரு சுற்றுச் சுற்றியது. அப்புறம் அப்படியே அடியில் இறங்கி மறைந்தது.

"பாத்தியா? பாத்தியா அம்மிணி? பக்கத்துல வந்து மூஞ்சியப் பாத்துட்டுப் போவுது. ஏதோ சொல்ல வந்துட்டு மறந்த மாதிரி." அவர் திரும்பினார். "என்னமோ சொன்னியே."

"நத்திங்."

"குளுருதா? மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது. டீ ஊத்திக் குடி."

பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றினாள். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். இன்னொரு மீன் வந்து பார்த்துவிட்டுப் போனது. பத்து மணி. பத்தே கால். காற்று ஏறிக்கொண்டே வந்தது, அலைகளின் நெற்றியில் வெள்ளை தெரிந்தது. பதினொன்றரைக்குள் கரை ஏறாவிட்டால் ஒரு மணிக்குப் போய்ச் சேர முடியாது. பத்தரைக்குச் சொல்லிவிடுவேன் என்று பழனியாண்டவர் மேல் ஆணை வைத்துக்கொண்டு, கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் தன் ராடை எடுத்து வீசினாள். இழுத்தாள். படகோரம் வந்ததும் எங்கேயோ நினைவாக எட்டுப் போட்டாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது வளைவில் தண்ணீர் வெளுத்துத் திறந்தது.

அவ்வளவு பெரிய வாய் அந்தத் தலைக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ராட் வில்லாகி அவள் முழங்கால் படகின் விளிம்பில் இடித்தது.

"உடாத! தூக்காத! ஓடட்டும், உட்டுப் புடி!" நஞ்சுண்டன் கத்தியதை ஓவியா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். மீன் படகுக்கடியில் போனது, வெளியே வந்து தலையை உதறியது, மறுபடி போனது. தண்ணீரின் குளிர் அதன் பலத்தையும் தின்றிருக்க வேண்டும். ஐந்தாறு நிமிஷத்தில் பக்கவாட்டில் சாய்ந்தது. நஞ்சுண்டன் பெரிய வலையை அடியில் கொடுத்து ஏந்தினார். படகோடு ஒட்டித் தண்ணீரிலேயே வலையைப் பிடித்துக்கொண்டார். மீன் ஓவியாவின் இடுப்பு உயரம் இருக்கும். அவர் தாடியெல்லாம் தண்ணீர் சொட்டியது. கண்ணும் சொட்டிய மாதிரி இருந்தது.

"எம்புள்ள புடிச்சிருச்சு. நாலு வருசம் நான் ஃபெயிலு, எம்புள்ள எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிருச்சு." இடுக்கியை எடுத்தார். முள் கடைவாயில் உள்ளே தள்ளி மாட்டியிருந்தது. இடுக்கிக்கு நீளம் போதவில்லை. ஒரு கை செவுளுக்கு அடியிலும், இன்னொரு கை இடுக்கியோடு வாய்க்குள்ளும் போனது. மேலும் கீழும் ஊசி ஊசியாகப் பல்.

"அப்பா, கைய உள்ள விடாதீங்க. இன்னைக்கு உங்க விரல் வேணும்."

"என்ர வெரலு எனக்கு என்னைக்கும்தான் வேணும்."

"நோ. அப்பா. ஐ.என்.எஸ். ஃபிங்கர் பிரின்ட். இன்னைக்கு ஒரு மணிக்கு. லெட்டர் வந்துச்சு. நான்தான் ஒளிச்சு வெச்சுட்டேன்."

நஞ்சுண்டன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் மீன் தலையை உதறியது.

சத்தம்கூட இல்லை. இடுக்கி வலைக்குள் விழுந்தது. அவர் வலதுகையை வெளியே எடுத்தபோது ஆள்காட்டி விரலின் நுனி குறுக்கே திறந்திருந்தது. முதலில் வெள்ளையாகத் தெரிந்தது. அப்புறம் ரத்தம் வந்தது.

"என்ன சொன்ன?"

ஓவியா காகிதங்களை எடுத்துக் கொடுத்தாள். அவர் இடது கையால் வாங்கி, காற்றில் படபடக்கிற தாளை முழங்காலில் அழுத்திப் படித்தார். தேதியின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. மூன்று தாளையும் படித்தார். மடித்தார். தன் பைக்குள் வைத்துக்கொண்டார். ஓவியா காத்திருந்தாள்.

விரலில் டவலைச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார். வலைக்குள் கிடந்த இடுக்கியை எடுத்து, இந்த முறை இடது கையால், ஒரு முள்ளைத் திருகி எடுத்தார். இன்னொன்று. வலையை இறக்கிவிட்டு மீனின் வாலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார். களைத்த மீனை அப்படியே விட்டால் செத்துப்போகும். செவுள் திறந்து மூட வேண்டும். பத்தே முக்கால் ஆகிவிட்டது. விடுங்கப்பா, போலாம்ப்பா என்று ஓவியாவின் உள்ளே ஒரு குரல் அலறிக்கொண்டிருந்தது. செவுள் ஒரு தடவை திறந்தது. நின்றது. மறுபடி திறந்தது. பையில் கேமரா இருந்தது. இரண்டு பேரும் அதை நினைக்கவில்லை. கடைசியில் மீன் அவர் கையை உதறிக்கொண்டு இறங்கிப் போனது.

திரும்பும்போது காற்று முகத்துக்கு நேரே. மோட்டார் முனகியது, அரை ஏரி தாண்டவில்லை, பேட்டரி படுத்துவிட்டது. நஞ்சுண்டன் துடுப்பை எடுத்தார். நாலு தள்ளுத் தள்ளுவதற்குள் டவல் சிவந்தது. ஓவியா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வலது துடுப்பை வாங்கிக்கொண்டாள். அவர் கொடுத்தார். இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்கத் தள்ளினார்கள். அவள் இழுப்பு அவர் இழுப்புக்குப் போதாமல் படகு வலப்பக்கமாகவே கோணியது. அவர் தன் இழுப்பைக் குறைத்துக்கொண்டார். அதையும் பேசாமலேதான் செய்தார்.

கரையில் வால்ட் கிழவர் விரலைப் பார்த்துவிட்டு, மீன் கிடைத்ததா என்று கேட்டபடியே பிளாஸ்திரி சுற்றினார். நஞ்சுண்டன் மகளைக் கைகாட்டினார். கடை வாசல் பொதுத்தொலைபேசியில் காசு போட்டார்.

"வசந்தா. பாஸ்போர்ட்டு மூணு, லைசென்ஸு, அந்தப் பச்ச ஃபைலு. பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லிகிட்டச் சொல்லி வேன் எடுத்துட்டு வரச் சொல்லு. ரூட் நாப்பத்தாறு, எழுதிக்க. கைரேகை எடுக்கறதுக்கு... இன்னைக்குத்தான். ஒரு மணிக்கு... லெட்டரா? இருக்குது. எங்கட்ட இருக்குது." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்ல. சண்ட ஒண்ணும் இல்ல. இடுக்கியும் எங்கட்டத்தான் இருக்குது. கெளம்பு."

காரில் ஹீட்டரைப் போட்டார். மீன்வாடை சூடாகி எழுந்தது. ஓவியா எல்லாவற்றையும் சொன்னாள், ரொம்பப் பயந்தால் அவளுக்கு இங்கிலீஷ்தான் வரும், இங்கிலீஷிலேயே சொன்னாள்: கெமிஸ்ட்ரி, டி, அரிசி மூட்டை, விளம்பரத் தாள், டார்ச். அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். ஒரு வார்த்தை இல்லை. சொல்லி முடித்தபின் அவள் மைல் கல்லை எண்ணத் தொடங்கினாள். முப்பத்தேழு வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

கைரேகை ஆபீஸ் ஒரு லாண்டரிக்கும் ஒரு டோனட் கடைக்கும் நடுவில் இருந்தது. பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒன்று இருபதுக்குப் புஷ்பவல்லி ஆன்ட்டியின் வேன் குலுங்கி நின்று, சேலைக்கு மேல் குளிர்கோட்டு மாட்டிக்கொண்டு வசந்தாமணி இறங்கி ஓடிவந்தாள். ஒரு கையில் பச்சை ஃபைல், மறு கையில் தூக்குப்போசி. புருஷன் தாடியில் ரத்தத்தைப் பார்த்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"மொதல்ல உள்ள வா."

வசந்தாமணிக்கும் ஓவியாவுக்கும் சுளுவாக முடிந்தது. கண்ணாடித் தகட்டில் விரலை வைத்தால் பக்கத்துத் திரையில் ரேகை பெரிசாக விரிந்தது. நஞ்சுண்டனின் முறை வந்தது. பிளாஸ்திரியை எடுக்கச் சொன்னாள் அந்த ஆபீஸ் பெண். எடுத்தார். திரையில் வட்டம் வட்டமாக ரேகை. நடுவே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. அலைமேல் படகு போன தடம் மாதிரி. மெஷின் சிவப்புக் காட்டியது. துடைத்து மறுபடி. சிவப்பு. விரல் சில்லிட்டுப் போயிருக்கிறது, நெற்றியில் தேய்த்துவிட்டு வையுங்கள் என்றாள். அவர் நெற்றித் திருநீற்றை அழித்துவிட்டுத் தேய்த்தார். சிவப்பு. ஓவியா பின்னால் நின்று தன் பத்து விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

ஐந்தாவது தடவைக்குப் பிறகு மேலதிகாரி ஒருவர் வந்து, விரலைப் பார்த்து, நாய் கடித்ததா என்று கேட்டார். மீன் என்றார் நஞ்சுண்டன். மஸ்கி. அந்த ஆள் ஒரு நிமிஷம் விரலை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். இந்தக் குளிரிலா, எத்தனை அங்குலம் என்று கேட்டார். அளக்கவில்லை என்றார் நஞ்சுண்டன், நேரம் இல்லை. காயம் என்று குறிப்பு எழுதி அந்த அதிகாரி ஒரு பொத்தானை அழுத்தினார். நீங்கள் வந்ததாகப் பதிவாகிவிட்டது, விண்ணப்பத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரு விரலை மட்டும் மேலே ஏற்காமல் போகலாம், போனால் மறுபடி கடிதம் வரும்.

"வாட்ச் யுவர் மெயில்" என்றார்.

வசந்தாமணி மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது.

வெளியே வேனின் பின்கதவைத் திறந்து வைத்துத் தூக்குப்போசியைத் திறந்தாள். அரிசிம்பருப்புச் சாதம், இன்னும் சூடாக. இத்தனை களேபரத்திலும் அதைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். புஷ்பவல்லி ஆன்ட்டி டோனட் கடைக்கு நழுவிவிட்டார். காகிதத் தட்டில் போட்டுப் புருஷனிடம் நீட்டினாள்.

"எனக்கு வேண்டா."

நீட்டின கை அப்படியே நின்றது. அந்த இரண்டு வார்த்தையில்தான் போன தடவையும் ஆரம்பித்தது.

"மொதல்ல அவளுக்குப் போடு" என்றார் நஞ்சுண்டன். "காத்தால இருந்து ஒரு வாய் திங்கல. மீனாவது பின்னால வந்து எட்டிப் பாத்துச்சு. இவ வாயவே தொறக்கல."

வசந்தாமணி தட்டை மகள் கையில் திணித்தாள். "தின்னு. வீட்டுக்கு வா, உனக்கு இருக்குது. அரிசி மூட்டைக்குப் பொறத்தால வெக்கறவ எலியா நீயி? என்ர இடுக்கியக் குடுங்க மொதல்ல."

"மீனு வாயிக்குள்ள போனது. கழுவித் தர்றேன்."

"இனி அதுல நான் பால எறக்குவனாக்கும்."

ஓவியா தின்றாள். பக்கத்தில் நஞ்சுண்டன் இடது கையில் கரண்டி பிடித்துத் தின்றார். பாதியில் நிறுத்தி, "அந்தப் பேப்பர் எங்க?" என்றார்.

"எந்தப் பேப்பர்ப்பா?"

"டி."

ஜீன்ஸின் பின்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நாலாக மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. அவர் வேனின் தளத்தில் வைத்து நீவி, மார்க்கையெல்லாம் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பேனாவை எடுத்தார். பிளாஸ்திரி சுற்றின விரல் மடங்கவில்லை. பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகி, கோணல்மாணலாக ஒரு கையெழுத்துப் போட்டார். சின்னப் பிள்ளை போட்ட மாதிரி இருந்தது.

ஓவியா அதைப் பார்த்தாள். "அப்பா, இது உங்க சைன் மாதிரியே இல்ல. டீச்சர் நான் ஃபோர்ஜ் பண்ணிட்டேன்னு நினைப்பாங்க."

"போன் பண்ணச் சொல்லு" என்றார் நஞ்சுண்டன். "நான் பேசறேன்."